கடைசிக் குழாயில் குளோரின் இருக்கிறதா? ஊராட்சிகளுக்கும் டேங்க் ஆபரேட்டர்களுக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் ஊராட்சித் தலைவர்களுக்கும், தனி அலுவலர்களுக்கும், ஊராட்சிச் செயலர்களுக்கும், இவர்கள் எல்லோரையும்விட முக்கியமாக மேல்நிலைத் தொட்டிகளை நாள்தோறும் இயக்கும் ஆபரேட்டர்களுக்கும்,

வணக்கம்.

தொட்டியில் எவ்வளவு பிளீச்சிங் பவுடர் கலந்தீர்கள் என்று கேட்டால் ‘ரெண்டு கை’, ‘ஒரு மக்கு’, ‘வழக்கமா போடுறதுதான்’ என்று ஏதோ ஒரு பதில் வந்துவிடும். கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் குளோரின் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று கேட்டால் பெரும்பாலும் பதிலே இருக்காது. அந்தக் கேள்விக்குத் தினமும் ஒரு எண்ணைப் பதிலாக எழுதிவைக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். அந்த எண்ணை எப்படிப் பெறுவது, அது பூஜ்யமாக வந்தால் எங்கே தேடுவது என்பதையும் முடிந்த அளவு விவரமாகவே எழுதியிருக்கிறோம்.

இந்தியக் குடிநீர்த் தரநிர்ணயம் (ஐ.எஸ். 10500) சொல்வது இது: குழாயில் வரும் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். வைரஸால் பரவும் நோய்க்குத் தடுப்பு தேவைப்படும் காலத்தில் 0.5 இருக்க வேண்டும். மேல் வரம்பு 1 மில்லிகிராம். இந்த மிச்சம் எதற்கு? தொட்டியில் இருக்கும் கிருமியைக் கொல்லும் வேலை தொட்டியிலேயே முடிந்துவிடும். ஆனால் குழாய் சாக்கடை ஓரமாகத்தான் போகிறது. கேட்வால்வுக் குழியில் மழைத்தண்ணீர் தேங்குகிறது. தண்ணீர் விடுவதை நிறுத்தியதும் குழாயின் உள்ளே வெற்றிடம் உண்டாகி, மெல்லிய விரிசல் வழியாக வெளியே இருக்கும் அழுக்குத் தண்ணீரை உள்ளே இழுக்கும். யாராவது வீட்டு இணைப்பில் மோட்டார் மாட்டி உறிஞ்சினால் அந்த இழுப்பு இன்னும் கூடும். அப்படி உள்ளே வந்ததைச் சமாளிக்க வழியில் இருக்கும் ஒரே காவல் இந்த 0.2 மில்லிகிராம்தான். அதனால்தான் அளப்பதைத் தொட்டியடியில் அளக்காமல் கடைக்கோடியில் அளக்கச் சொல்கிறோம்.

முதலில் பவுடரைப் பற்றி. பிளீச்சிங் பவுடர் முழுவதும் குளோரின் இல்லை. சுண்ணாம்போடு குளோரினைச் சேர்த்துச் செய்த தூள் அது. 1799இல் கிளாஸ்கோவில் சார்லஸ் டென்னண்ட் துணி வெளுக்கக் காப்புரிமை பெற்ற அதே சரக்குதான். 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டிக் குடிநீருக்கு ஜான் லீல் என்ற மருத்துவர் தொடர்ச்சியாகக் கலக்கத் தொடங்கியதும் இதைத்தான். புதிதாக வரும்போது 100 கிராம் பவுடரில் ஏறக்குறைய 33 கிராம் வேலைசெய்யும் குளோரின் இருக்கும். மூட்டையைப் பிரித்த நாளிலிருந்து அது குறைந்துகொண்டே போகும். காற்றின் ஈரம், கரியமில வாயு, வெயில், சூடு நான்கும் அதற்குப் பகை. ஸ்டோர் ரூமைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால், ‘நல்லா காரமான பவுடர்’ என்று மகிழ வேண்டாம். தொட்டிக்குப் போக வேண்டிய குளோரின் மூட்டையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். கையில் எடுத்தால் உதிராமல் கட்டியாகவோ ஈரப்பிசுக்காகவோ இருந்தால் பாதிக்கு மேல் வெறும் சுண்ணாம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதன் விளைவைக் கணக்கில் பாருங்கள். 30,000 லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் குளோரின் கலக்க வேண்டுமானால் 60 கிராம் குளோரின் தேவை. பவுடர் 33 சதவீதம் என்றால் 180 கிராம் போதும். 25 சதவீதம் என்றால் 240 கிராம். 10 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால் 600 கிராம் வேண்டும். அதே மக்கு, அதே அளவு, அதே ஆபரேட்டர். மூன்று மாதத்துக்கு முன் சரியாக இருந்தது இன்று மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆபரேட்டர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறார். தவறு பவுடரைச் சோதிக்காமல் கொடுத்தவர்களிடம்.

ஆகவே தலைவர்களே, செயலர்களே, ஆறு மாதத்துக்கு மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள். இரண்டு மாதத்துக்கு மேல் கையிருப்பு வேண்டாம். மூட்டையில் தயாரிப்புத் தேதி அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தரையில் நேராக வைக்காமல் பலகை மேல் வைத்து, பிரித்த மூட்டையை மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டி மூடுங்கள். பழையது முதலில் போகட்டும். அந்த அறையில் ஜெனரேட்டர் டீசல், கிரீஸ், ஆயில், பெயிண்ட், கழிவறை ஆசிட் எதுவும் இருக்கக் கூடாது. எண்ணெய் பட்டால் பவுடர் தீப்பிடிக்கும். ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். குளோரின் மாத்திரை என்ற பெயரில் வரும் டி.சி.சி.ஏ. வகையையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே டிரம்மில், ஒரே கரண்டியில் புழங்கக் கூடாது. இரண்டும் குளோரின் தருபவை என்றாலும் ஈரத்தில் ஒன்றோடு ஒன்று கலந்தால் வெடிக்கும்.

பவுடரின் பலத்தை அறிய மாவட்டத் தலைநகர் வரை போக வேண்டியதில்லை. பக்கத்து மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் பியூரெட்டும் பிப்பெட்டும் இருக்கும். ஆசிரியரிடம் கேளுங்கள். மூட்டையின் நடுவிலிருந்து 10 கிராம் எடுத்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கல்வத்தில் அரைத்து, 1 லிட்டர் ஆக்க வேண்டும். நன்றாகக் குலுக்கி, கலங்கலோடேயே 25 மில்லி எடுத்து, ஒரு கிராம் பொட்டாசியம் அயோடைடும் 10 மில்லி அசிட்டிக் அமிலமும் சேர்த்தால் கரைசல் கரும்பழுப்பாக மாறும். குளோரின் தன் குடும்பத்தைச் சேர்ந்த அயோடினை உப்பிலிருந்து வெளியே தள்ளிவிட்டு அதன் இடத்தைப் பிடிப்பதால் வரும் நிறம் அது. 0.1 நார்மல் சோடியம் தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் வைக்கோல் மஞ்சளாக வெளிறியதும் ஸ்டார்ச் சேர்த்து, நீலம் மறையும் இடத்தில் நிறுத்துங்கள். செலவான மில்லியை 1.42ஆல் பெருக்கினால் சதவீதம். 17.6 மில்லி என்றால் 25 சதவீதம். 10 மில்லிக்குக் கீழே வந்தால் 14 சதவீதத்துக்கும் குறைவு. அந்தச் சரக்கைத் திருப்பி அனுப்பலாம். பிளஸ் டூ மாணவர்கள் செய்முறைத் தேர்வுக்குச் செய்யும் டைட்ரேஷனைவிட இதில் கடினம் எதுவும் இல்லை. தங்கள் ஊர்த் தண்ணீருக்காகச் செய்கிறோம் என்ற எண்ணம் அவர்களுக்கும் நல்லது.

இனிக் கலக்கும் முறை. தொட்டியின் மேலேறி மூடியைத் திறந்து பவுடரை அப்படியே கொட்டுவது பல ஊர்களில் பழக்கமாகிவிட்டது. அப்படிக் கொட்டினால் தூள் நேராக அடியில் போய் உட்காரும். அதைச் சுற்றி இருக்கும் தண்ணீர் மட்டும் கடுக்கும். மேலே இருக்கும் தண்ணீருக்கு ஒன்றும் சேராது. சுண்ணாம்புப் படிவு வெளியேறும் குழாயிலும் வால்வுகளிலும் போய் அடைக்கும். முதல் தெருவில் ‘ஒரே மருந்து வாடை’ என்று சண்டை வரும். அன்றைக்கே கடைசித் தெருவில் ஒன்றுமே இருக்காது.

தராசில் நிறுத்த பவுடரை ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு, முதலில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு மரக்குச்சியால் குழப்பிக் கட்டி இல்லாமல் கரையுங்கள். பிறகு 10 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, மூடி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் தெளியவிடுங்கள். மேலே நிற்கும் தெளிவில்தான் குளோரின் இருக்கிறது. அதை மட்டும் இறுத்துத் தொட்டியில் ஊற்றுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்புச் சேறு தொட்டிக்குள் போகக் கூடாது. இரும்பு வாளியும் அலுமினியப் பாத்திரமும் ஆகாது. அரித்துப்போவதோடு குளோரினையும் தின்றுவிடும். மக்கு அளவை விட்டுவிட்டு ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிக் கொடுங்கள். கட்டி தட்டிய பவுடரும் பொடியான பவுடரும் ஒரே மக்கில் ஒரே எடை நிற்காது.

ஊற்ற வேண்டிய நேரம், தொட்டி கால் பங்கு நிரம்பியதும். மோட்டார் ஓடிக்கொண்டிருக்க, தண்ணீர் விழும் வாயருகே ஊற்றினால் விழுகிற வேகமே கலக்கிக் கொடுத்துவிடும். நிரம்பிய பிறகு ஊற்றினால் கலக்க ஆளில்லை. தொட்டி நிரம்பியபின் அரை மணி நேரமாவது வால்வைத் திறக்காமல் வையுங்கள். கிருமியைக் கொல்லக் குளோரினுக்கு அந்த நேரம் தேவை. மூன்று பேஸ் கரண்ட் வரும் நேரம் முன்பின் ஆனால், ‘ஜனங்க காத்துக்கிட்டு இருக்காங்க’ என்று மோட்டாரிலிருந்து நேராக லைனுக்கு விடும் வழக்கம் உண்டு. அன்றைக்குத் தொட்டியில் எத்தனை கிராம் கலந்திருந்தாலும் அந்தத் தண்ணீர் குளோரினைப் பார்க்கவே இல்லை. மழைக்காலத்திலும் வயிற்றுப்போக்கு பேசப்படும் நாட்களிலும் நேரடிப் பம்பிங்கை அடியோடு நிறுத்துங்கள்.

எத்தனை கிராம் என்பதற்கு எல்லா ஊருக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்பது தொடங்குவதற்கான அளவு, அவ்வளவே. உங்கள் ஊர்த் தண்ணீர் எவ்வளவு குளோரினைத் தின்னும் என்பதை அந்தத் தண்ணீரிடமே கேட்க வேண்டும். அதற்கு ஒரு வாளிச் சோதனை இருக்கிறது. எந்த மூட்டையிலிருந்து கலக்கப்போகிறீர்களோ அதே பவுடரில் 40 கிராம் எடுத்து 1 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளியவிடுங்கள். நான்கு பிளாஸ்டிக் வாளிகளில் தலா 10 லிட்டர் போர்த்தண்ணீர். ஊசி இல்லாத மருந்துக்கடை சிரிஞ்சால் தெளிவை முதல் வாளிக்கு 1 மில்லி, இரண்டாவதற்கு 2, மூன்றாவதற்கு 3, நான்காவதற்கு 4 விட்டுக் கலக்கி மூடிவையுங்கள். அரை மணி கழித்து ஒவ்வொன்றிலும் எஞ்சிய குளோரினை அளந்து பாருங்கள். எந்த வாளியில் 0.5 அளவுக்கு மிச்சம் இருக்கிறதோ அதுவே உங்கள் அளவு. 1 மில்லி என்பது தொட்டியில் 1,000 லிட்டருக்கு 4 கிராம் பவுடர். இரண்டாவது வாளி சரியாக வந்தால் 1,000 லிட்டருக்கு 8 கிராம், அதாவது 30,000 லிட்டருக்கு 240, 60,000 லிட்டருக்கு 480, ஒரு லட்சம் லிட்டருக்கு 800 கிராம். அதே பவுடரை வைத்தே சோதிப்பதால் அது 33 சதவீதமா 20 சதவீதமா என்று தெரியாவிட்டாலும் கணக்கு தவறாது. மூட்டை மாறும்போதும், மழை பெய்து தண்ணீர் கலங்கும்போதும், வேறு போருக்கு மாறும்போதும் திரும்பச் செய்யுங்கள். தொட்டியில் 0.5 வைக்கச் சொல்வது, கடைக்கோடிக்குப் போய்ச் சேரும்போது 0.2 மிஞ்ச வேண்டும் என்பதற்காக. நீளமான லைனாக இருந்தால் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

மினி டேங்குகளை மறந்துவிடாதீர்கள். தெருமுனையில் தனி போர் போட்டு நிற்கும் 2,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிக்கு 8 முதல் 16 கிராம் போதும். அந்த 16 கிராமைக் கலப்பது யார் பொறுப்பு என்று பல ஊர்களில் யாருக்குமே சொல்லப்படவில்லை. பெரிய தொட்டிக்கு ஆபரேட்டர் இருக்கிறார், மினி டேங்குக்கு யாரும் இல்லை. பெயர் குறித்து ஒருவரிடம் ஒப்படையுங்கள். கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலிருந்து வரும் தண்ணீரில் ஏற்கெனவே குளோரின் கலந்திருக்கும் என்று நம்பிச் சும்மா இருப்பதும் தவறு. பல கிலோமீட்டர் வந்து, தரைத்தொட்டியில் கிடந்து, மேலே ஏறும்போது அதில் என்ன மிச்சம் என்று அளந்து, குறைவதைச் சேர்க்க வேண்டும்.

சில ஊராட்சிகளில் பவுடருக்குப் பதிலாகக் குளோரின் தரும் திரவமான ஹைப்போகுளோரைட்டும், அதை அளவாகச் செலுத்தும் டோசிங் பம்ப்பும் வந்திருக்கின்றன. நல்ல ஏற்பாடுதான். 10 சதவீதத் திரவம் என்றால் 60 கிராம் குளோரினுக்கு 600 மில்லி. ஆனால் இது பவுடரைவிட விரைவாகப் பலம் இழக்கும். வெயில் படும் இடத்தில் கேனை வைத்தால் சில வாரங்களில் வெறும் உப்புத்தண்ணீர். பம்ப்பின் நாசில் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கும். அடைப்பெடுக்க ஆசிட் ஊற்றாதீர்கள். பம்ப்பில் ஹைப்போ இருக்கும்போது ஆசிட் பட்டால் முகத்துக்கு நேரே குளோரின் வாயு வரும். நிறையத் தண்ணீர் ஓடவிட்டு முழுக்கக் கழுவிய பிறகு, நாசிலை மட்டும் கழற்றி வினிகரில் ஊறவைத்தால் போதும்.

அளப்பதற்கு வருவோம். உங்களிடம் இருப்பது பழைய குளோரோஸ்கோப் (நிறத்தை வைத்துக் குளோரினை அளக்கும் கருவி) என்றால் அதில் ஆர்த்தோடாலிடின் திரவம் இருக்கும், மஞ்சள் நிறம் காட்டும். அதை விட்டு டி.பி.டி. மாத்திரைக்கு மாறுங்கள். ஆர்த்தோடாலிடின் உடலுக்குக் கேடானது, கையில் படக் கூடாது. தண்ணீரில் இரும்பும் மாங்கனீசும் இருந்தால் குளோரினே இல்லாமலும் மஞ்சள் காட்டி ஏமாற்றும். காவி படியும் தண்ணீர் உள்ள ஊர்களில் ‘எப்பவும் மஞ்சள் வருதே’ என்று நிம்மதியாக இருப்பது ஆபத்து.

டி.பி.டி. முறையில் குழாயை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, சோதனைக் குழலை அதே தண்ணீரால் இரண்டு முறை அலசி, 10 மில்லி கோடு வரை பிடித்து, 1ஆம் எண் மாத்திரையைக் கையால் தொடாமல் உறையிலிருந்தே போட்டு நசுக்கிக் கரைக்க வேண்டும். ரோஜா நிறம் வரும். ஒரு நிமிடத்துக்குள் வெளிச்சத்தில் நிற அட்டையோடு ஒப்பிடுங்கள். வெயிலில் நேராகப் பிடிக்க வேண்டாம். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் நிறம் ஏறி அதிகமாகக் காட்டும். இளம் ரோஜா தெரிந்தால் 0.2 சுற்றுவட்டாரம். நிறமே வரவில்லை என்றால் குளோரின் இல்லை. இதில் ஒரு விதிவிலக்கு உண்டு: குளோரின் மிக அதிகமாக இருந்தாலும் வந்த நிறத்தையே அது வெளுத்துவிடும். மாத்திரை போட்டதும் பளிச்சென்று ரோஜா தெரிந்து உடனே மறைந்தால், அந்தத் தண்ணீரில் 1 பங்குக்கு 9 பங்கு குளோரின் கலக்காத நல்ல தண்ணீர் சேர்த்து மறுபடி சோதித்துப் பாருங்கள். வந்த எண்ணைப் பத்தால் பெருக்குங்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு 5 பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியில் பயிற்சி கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெட்டி உங்கள் அலுவலக பீரோவில் பூட்டிக் கிடந்தால் இன்றே எடுத்து அவர்கள் கையில் கொடுங்கள். கடைசித் தெருவில் குடியிருக்கும் ஒருவர் காலையில் தண்ணீர் பிடிக்கும்போதே அளந்துவிடலாம்.

பூஜ்யம் வந்தால்? தொட்டியின் வெளியேறும் குழாயிலேயே பூஜ்யம் என்றால் பவுடர் செத்துப்போயிருக்கிறது, அல்லது தண்ணீர் குளோரினை அதிகம் தின்கிறது. 1 மில்லிகிராம் இரும்பு ஏறக்குறைய 0.6 மில்லிகிராம் குளோரினை எடுத்துக்கொள்ளும். அம்மோனியாவின் பசி இன்னும் பெரிது, 1 மில்லிகிராமுக்கு 8 முதல் 10 மில்லிகிராம் வரை போகும். திடீரென்று ஒரு போர்த்தண்ணீரின் குளோரின் தேவை இப்படி ஏறினால், கழிவுநீர் அல்லது சாணக்குழி நீர் உள்ளே இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அளவைக் கூட்டிச் சமாளித்துவிட்டு விட்டுவிடுகிற விஷயம் இல்லை இது. தொட்டியடியில் 0.6 இருந்து, நடுத் தெருவில் 0.4 இருந்து, ஒரு குறிப்பிட்ட தெருவில் மட்டும் பூஜ்யம் என்றால் கசிவு அந்தத் தெருவின் லைனில்தான். மண்வெட்டியோடு போக வேண்டிய இடத்தை ஒரு மாத்திரை காட்டிக் கொடுத்துவிடுகிறது. ஊரெல்லாம் தோண்டும் செலவை நினைத்தால் இந்த மாத்திரைக்கு விலையே இல்லை.

குளோரின் இருந்தும் கிருமி சாகாமல் போவதற்குப் பி.எச். அளவும் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) ஒரு காரணம். குளோரின் தண்ணீரில் கரைந்ததும் ஹைப்போகுளோரஸ் அமிலமாகிறது. கொல்லும் வேலையைச் செய்வது அதுதான். பி.எச். 7இல் முக்கால் பங்கு அந்த வடிவில் இருக்கும். பி.எச். 8.5க்குப் போனால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும், மற்றதெல்லாம் சோம்பலான வடிவம். டி.பி.டி. மாத்திரை இரண்டையும் ஒன்றாகவே காட்டும். ஆகவே பி.எச். 8ஐத் தாண்டும் போர்த்தண்ணீரில், வால்வைத் திறக்குமுன் காத்திருக்கும் அரை மணியை ஒரு மணிக்கு மேல் ஆக்குங்கள்.

‘மருந்து வாடை அடிக்குது, குறைச்சுப் போடுங்க’ என்று மக்கள் சொல்வதால்தான் பல ஆபரேட்டர்கள் கலப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, முதல் தெருவில் வசவு வாங்குவது அவர்கள்தான். இங்கே தலைவர் முன்னால் நிற்க வேண்டும். மூக்கில் ஏறும் அந்த வாடை பல நேரம் அம்மோனியாவோடு பாதிவழியில் நின்ற குளோரினால் வருகிறது. அளவைச் சரியாக ஏற்றினால் வாடை குறையும். மற்றபடி லேசாக வரும் வாடைக்கு, குடத்தின் வாயில் வெள்ளைத்துணி கட்டி ஒரு மணி நேரம் வைத்தால் போய்விடும் என்று வீடுகளில் சொல்லச் செய்யுங்கள்.

இன்னொன்றை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. அமைச்சரோ அதிகாரியோ வரும் நாளில் சாலையின் இருபுறமும் பிளீச்சிங் பவுடரைக் கோடாகத் தூவுகிறோம். காய்ந்த மண்ணில் விழுந்த தூள் எந்தக் கிருமியையும் கொல்வதில்லை. மண்ணிலும் குப்பையிலும் பட்ட நொடியிலிருந்து குளோரின் வீணாகிறது. தெருவில் கிருமிநாசினி தெளிப்பதை உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் கொரோனா காலத்திலேயே பரிந்துரைக்கவில்லை. 25 கிலோ மூட்டை ஒன்று, நிரப்புக்கு 240 கிராம் வீதம் 30,000 லிட்டர் தொட்டியை 104 முறை காக்கும். ஒரு காலைப் பொழுதில் அதைச் சாலையில் கொட்டிவிட்டு, மாதக் கடைசியில் தொட்டிக்குப் பவுடர் இல்லை என்று நிற்கிறோம். தூவும் துப்புரவுப் பணியாளரின் கண்ணும் நெஞ்சும் எரிவதையும் நினைத்துப் பாருங்கள். கோடு போட்டே ஆக வேண்டும் என்றால் சுண்ணாம்பு இருக்கிறது.

மாதம் இருமுறை தொட்டி கழுவும்போது, தண்ணீரை வடித்து, சேற்றை அள்ளி, சுவரைத் தேய்த்து, பிறகு லிட்டருக்கு 200 மில்லிகிராம் பலமுள்ள கரைசலைச் சுவர் முழுக்கப் பூசி அரை மணி விட்டு அலசுங்கள். 20 லிட்டர் வாளிக்கு 16 கிராம் பவுடர், 25 சதவீதக் கணக்கில். பாசி போகவில்லை என்று ஆசிட் எடுத்துப்போகக் கூடவே கூடாது. குளோரின் வாயு காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. தொட்டியின் அடியில்தான் தேங்கும். உள்ளே குனிந்து தேய்ப்பவரின் மூக்கு இருக்கும் உயரம் அது. ஒருவரை மட்டும் இறக்காதீர்கள். மூடிகளைத் திறந்து காற்றோடவிட்டு, மேலே ஒருவர் கயிறோடு நிற்க, கையுறையும் கண்ணாடியும் கொடுத்து இறக்குங்கள். இவற்றுக்கு ஊராட்சி நிதியில் இடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

குளோரினால் ஆகாத வேலைகளையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளூரின், குளோரின், புரோமின், அயோடின் எல்லாம் ஹாலஜன் என்ற ஒரே குடும்பம். ஆனால் ஒன்றுக்குச் செய்வது இன்னொன்றைத் தீர்க்காது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் போர்களில் பாறையிலிருந்து கரைந்து வரும் ஃப்ளூரைடைக் குளோரின் தொடாது. கொதிக்கவைத்தால் தண்ணீர் வற்றி இன்னும் செறிவாகும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, 1.5ஐத் தாண்டினால் அந்தப் போரைக் குடிக்க விடக் கூடாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரைக் கொண்டுவந்ததே இதற்காகத்தான். அந்தத் தண்ணீர் வந்த பிறகும், கோடையில் பற்றாக்குறை என்று பழைய போரைத் தொட்டியில் கலப்பது செய்த வேலையைக் கெடுப்பதாகும். கடலோர ஊர்களில் உப்பு ஏறிய போரில் புரோமைடு இருக்கும். குளோரின் அதைப் புரோமினாக மாற்றி, இலைதழை அழுக்கோடு சேர்த்து வேண்டாத சேர்மங்களை உண்டாக்கும். அங்கே குளோரினைக் குறைப்பது வழியல்ல, கலங்கலையும் பாசியையும் குளோரினுக்கு முன்பே நீக்க வேண்டும். வடிகட்டாத கலங்கல் நீரில் கிருமி அழுக்குத்துகளுக்குள் ஒளிந்து தப்பிக்கும் என்பதும் அதற்கு இன்னொரு காரணம்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். தொட்டியடியில் ஒரு பதிவேடு தொங்கட்டும். தேதி, நிரப்பிய நேரம், எத்தனை கிராம், எந்த மூட்டை, வால்வு திறந்த நேரம், தொட்டியடியில் எவ்வளவு, நடுவில் எவ்வளவு, கடைசிக் குழாயில் எவ்வளவு, அளந்தவர் கையெழுத்து. மார்ச் 22 தண்ணீர் நாள் கிராம சபையில் வரவுசெலவோடு அந்தப் பதிவேட்டையும் மேசையில் வையுங்கள். பூஜ்யம் வந்த நாட்களை மறைக்காதீர்கள், பூஜ்யம் வந்ததும் என்ன செய்தோம் என்று அதற்கு நேரே எழுதிவையுங்கள். ஆபரேட்டருக்குத் தராசு, இரண்டு பிளாஸ்டிக் வாளி, கையுறை, மாத்திரைப் பெட்டி, ஒரு சிரிஞ்சு இந்த வாரமே வாங்கிக் கொடுங்கள்.

ஆபரேட்டர்களே, நாளைக் காலை வால்வைத் திறந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராகக் கடைசித் தெருவுக்குப் போங்கள். அங்கே முதல் குடம் நிரம்புவதற்குள் குழலில் 10 மில்லி பிடித்து மாத்திரையைப் போடுங்கள். ரோஜா நிறம் வராவிட்டால் அங்கே தண்ணீர் பிடிப்பவர்களிடம் இன்றைக்குக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லிவிட்டு, திரும்பி வரும் வழியில் ஒவ்வொரு தெருவாக அளந்துகொண்டே வாருங்கள்.

இப்படிக்கு,
குடிநீர்ப் பரிசோதனையும் குளோரின் கலப்பும் தெரிந்த வேதியியலர்கள்